தண்டனை முடிந்த பிறகு: ஒருவரின் அபாயத்தை எப்படி மதிப்பிடுகிறார்கள்?



தீவிரவாதக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற ஒருவர் விடுதலையாகிறார் என்ற செய்தி வந்தால் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "இவர்கள் ஒருநாளும் திருந்தமாட்டார்கள்" என்பது ஒன்று. "தண்டனைதான் முடிந்துவிட்டதே, இனி என்ன கேள்வி?" என்பது இன்னொன்று. முதல் பேச்சில் அந்த மனிதரின் தாயும் மனைவி மக்களும் நொறுங்கிப்போகிறார்கள். இரண்டாவது பேச்சில், நாளை பாதிக்கப்படக்கூடிய அப்பாவி ஒருவரின் உயிர் கணக்கில் வராமல் போகிறது. இரண்டுமே ஆராயாமல் சொல்லும் முடிவுகள்.

ஆராய்ந்து முடிவு சொல்வதற்கென்று ஒரு துறையே இன்று உலகில் இருக்கிறது. சிறை உளவியலாளர்கள், நன்னடத்தை அலுவலர்கள், பரோல் வாரியங்கள் ஆகியோர் இதற்கென முறைகளை வகுத்துப் பயன்படுத்துகிறார்கள். அந்த முறைகளில் பலனும் உண்டு, குறையும் உண்டு. நம் குடும்பங்கள் இவ்விரண்டையும் அறிந்திருப்பது நல்லது என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கேள்வி எது?

"இவர் நல்லவரா, கெட்டவரா?" என்பது அபாய மதிப்பீட்டின் கேள்வி அல்ல. உள்ளங்களை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. மனிதர்கள் கேட்கக்கூடிய கேள்வி இதைவிடச் சிறியது: இவர் எந்த விதமான தீங்கைச் செய்யக்கூடும், யாருக்கு, எந்தச் சூழ்நிலையில், அந்தச் சூழ்நிலை வராமல் தடுக்க என்ன வழி? மருத்துவர் "உங்களுக்கு மாரடைப்பு வரும்" என்று சொல்வதில்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம், குடும்ப வரலாறு ஆகியவற்றைப் பார்த்து, எதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்கிறார். இதுவும் அதுபோன்றதுதான்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அனுபவமுள்ள ஒருவர் ஆளைப் பார்த்து, பேசி, தன் மனத்தில் பட்டதைச் சொல்வது. இதில் ஆளுக்கு ஆள் முடிவு மாறும். மதிப்பிடுபவரின் சொந்த வெறுப்பும் விருப்பமும் கலந்துவிடும். இரண்டாவது, காப்பீட்டு நிறுவனங்கள் செய்வதுபோல வயது, முந்தைய குற்றங்கள் போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டிச் சொல்வது. திருட்டு, அடிதடி போன்ற குற்றங்களுக்கு இது ஓரளவு உதவுகிறது. ஆயிரக்கணக்கானவர்களின் முன்வரலாறு கையில் இருப்பதே காரணம். மூன்றாவது, வரையறுக்கப்பட்ட அம்சங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, பயிற்சி பெற்ற ஒருவர் ஒவ்வொன்றையும் ஆதாரத்தோடு ஆராய்ந்து, கடைசியில் தன் தீர்ப்பை எழுதுவது. தீவிரவாதக் குற்றங்களுக்குப் பெரும்பாலான நாடுகள் கைக்கொள்வது இந்த மூன்றாம் வழியைத்தான்.

எண்ணிக்கை ஏன் ஏமாற்றும்?

இரண்டாம் வழி ஏன் இங்கே பலிக்கவில்லை என்பதற்குப் பிரிட்டனின் கணக்கு ஒன்றே போதும். 2013 ஜனவரி முதல் 2019 டிசம்பர் வரை அங்கே பயங்கரவாதக் குற்றங்களுக்காகத் தண்டனை பெற்று விடுதலையானவர்கள் 196 பேர். அவர்களில் மீண்டும் பயங்கரவாதக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர்கள் 6 பேர், அதாவது சுமார் 3 விழுக்காடு. "திருந்தவே மாட்டார்கள்" என்ற பேச்சுக்கு இந்த எண்ணிக்கையே பதில். சாதாரணக் குற்றவாளிகளில் திரும்பச் சிறைக்கு வருவோரின் விகிதம் இதைவிடப் பல மடங்கு அதிகம்.

ஆனால் இதே எண்ணிக்கை மதிப்பீட்டாளருக்குப் பெரும் சிக்கல். ஒரு பேச்சுக்கு, நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் ஒரு சோதனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். உண்மையில் அப்படி ஒன்று இல்லை. அந்தச் சோதனையை இந்த 196 பேருக்கும் வைத்தால், ஆபத்தான 6 பேரில் 5 பேரைப் பிடித்துவிடும். மீதமுள்ள 190 பேரில் நூற்றுக்குப் பத்து என்ற கணக்கில் 19 பேரையும் தவறாக "ஆபத்தானவர்" என்று சொல்லிவிடும். ஆக, முத்திரை குத்தப்பட்ட 24 பேரில் 19 பேர் தவறாகக் குத்தப்பட்டவர்கள். பிடிபடாமல் போன ஒருவரோ வெளியே இருப்பார்.

அரிதாக நடக்கும் ஒன்றை முன்கூட்டியே சொல்வதில் உள்ள இடர்ப்பாடு இது. கருவி ஓரளவு மேம்பட்டாலும் இந்தச் சிக்கல் எளிதில் தீராது. ஆகவேதான் இத்துறையில் பொறுப்பானவர்கள் "இவர் செய்வார், இவர் செய்யமாட்டார்" என்று சோதிடம் சொல்வதில்லை. எதைக் கவனிக்க வேண்டும், எந்த உதவி தேவை என்று எழுதுகிறார்கள்.

இருபத்திரண்டு அம்சங்கள்

இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் பயன்படும் முறைக்கு இ.ஆர்.ஜி. 22+ என்று பெயர். சிறைத்துறை உளவியலாளர்களான மோனிகா லாயிட், கிறிஸ்டோஃபர் டீன் ஆகியோர் தண்டனை பெற்ற தீவிரவாதக் குற்றவாளிகளோடு பணியாற்றிய அனுபவத்திலிருந்து உருவாக்கிய இம்முறை 2011 முதல் நடைமுறையில் உள்ளது. இதில் 22 அம்சங்கள் இருக்கின்றன. அந்த நபருக்கே உரிய வேறு விஷயம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதற்குத்தான் கூட்டல் குறி.

இந்த 22 அம்சங்களும் மூன்று கேள்விகளின் கீழ் வருகின்றன.

முதல் கேள்வி: இவர் எப்படி உள்ளே இழுக்கப்பட்டார்? இதன்கீழ் 13 அம்சங்கள். அநீதி இழைக்கப்பட்டுவிட்டது, அதற்குப் பதில் செய்தாக வேண்டும் என்ற தவிப்பு, தன் கூட்டத்துக்கு ஆபத்து என்ற அச்சம், அடையாளமும் வாழ்க்கைக்கு அர்த்தமும் சேர்ந்திருக்க ஓர் இடமும் தேடுவது, மதிப்புக்கான ஏக்கம், சாகச ஆசை, பிறரை அடக்கியாள விரும்புவது, யார் எதைச் சொன்னாலும் எளிதில் நம்பிவிடும் இயல்பு, நண்பர்கள் அல்லது குடும்பத்தாரின் ஆதரவு, வேலை இழப்பு, மணமுறிவு, இடப்பெயர்வு போன்ற வாழ்க்கையின் திருப்பங்கள், மனநலம் முதலியவை இதில் அடங்கும்.

இரண்டாம் கேள்வி: தீங்கு செய்யும் மனநிலைக்கு வந்துவிட்டாரா? இதன்கீழ் 6 அம்சங்கள். ஒரு கூட்டத்தோடு தன்னையே கரைத்துக்கொள்வது, "நாம், அவர்கள்" என்று உலகைப் பிளந்து பார்ப்பது, எதிர்த்தரப்பினரை மனிதர்களாகவே கருதாமல் போவது, வன்முறையை நியாயப்படுத்துவது, தன் நோக்கத்துக்காக எந்த வழியும் சரியே என்பது, அந்த நோக்கமே தீங்கானதாக இருப்பது.

மூன்றாம் கேள்வி: செய்யும் வல்லமை இருக்கிறதா? இதன்கீழ் 3 அம்சங்கள். அறிவும் திறமையும், ஆட்கள், பணம், கருவிகள் ஆகியவற்றோடு உள்ள தொடர்பு, முந்தைய குற்ற வரலாறு.

இவற்றைக் கூட்டி மதிப்பெண் போடுவதில்லை. முதல் பட்டியலில் பத்து அம்சம் பொருந்தினாலும் ஒருவர் யாருக்கும் தீங்கு நினைக்காதவராக இருக்கலாம். அநீதி கண்டு கொதிப்பதும், மதிப்பை நாடுவதும், வாழ்க்கைக்கு அர்த்தம் தேடுவதும் மனித இயல்பு. அவை இரண்டாம் பட்டியலின் மனநிலையாக மாறும்போதும், அதனோடு மூன்றாம் பட்டியலின் வல்லமை சேரும்போதும்தான் அபாயம் உருவாகிறது.

தாடியும் தொழுகையும் எங்கே?

நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே உண்டு. தாடி வைப்பது, ஐந்து வேளை தொழுவது, ஹிஜாப் அணிவது, மார்க்கக் கல்வி பெறுவது ஆகிய எதுவும் இந்த 22 அம்சங்களில் இல்லை. மதப்பற்றை அபாயத்தின் அளவுகோலாக அது வைக்கவில்லை.

முஸ்லிம்களுக்கு மட்டுமே உரிய கேள்விகளும் அல்ல இவை. 2011 ஜூலை 22 அன்று நார்வேயில் 77 பேரைக் கொன்ற ஆண்டர்ஸ் பிரெய்விக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முஸ்லிம்கள் மீதும் குடியேறியவர்கள் மீதும் வெறுப்பைக் கக்கியவர் அவர். முதலில் ஆராய்ந்த மனநல மருத்துவர் குழு அவருக்குக் கடும் மனநோய் என்றது. இரண்டாம் குழு அவர் சுயபுத்தியோடுதான் செய்தார் என்றது. 2012 ஆகஸ்டில் நீதிமன்றம் இரண்டாம் முடிவை ஏற்று, 21 ஆண்டுத் தடுப்புக்காவல் தண்டனை விதித்தது. ஒரே ஆளைப் பார்த்த நிபுணர்களே நேரெதிரான முடிவுக்கு வந்தார்கள் என்பது இத்துறை எவ்வளவு கடினமானது என்பதைக் காட்டும்.

பத்தாண்டு கழித்து, 2022 ஜனவரியில், அவருடைய பரோல் கோரிக்கை விசாரணைக்கு வந்தது. நீதிமன்றத்தில் அவர் நாஜி வணக்கம் வைத்தார். அவரைக் கவனித்துவந்த மனநல மருத்துவர், அபாயம் குறையவில்லை என்று சாட்சியம் சொன்னார். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. வெறுப்பும், எதிர்த்தரப்பை மனிதராகக் கருதாத மனமும் எந்தப் பெயரில் வந்தாலும் அவற்றை அளக்கும் கோல் ஒன்றுதான்.

இன்னொரு நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. கனடாவின் எலைன் பிரஸ்மன் 2009இல் முன்வைத்து, பின்னர் திருத்தி விரிவாக்கப்பட்ட வீரா-2ஆர் என்ற முறை, அபாயத்தைக் குறைக்கும் அம்சங்களுக்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறது. வன்முறையை மறுக்கத் தொடங்கியிருக்கிறாரா, எதிரி என்று நினைத்தவர்களைப் பற்றிய எண்ணம் மாறியிருக்கிறதா, வன்முறையை விரும்பாத குடும்பத்தின் துணை இருக்கிறதா என்றெல்லாம் அது கேட்கிறது. ஒரு தாயின் கண்டிப்பும் ஒரு மனைவியின் பொறுமையும் அதிகாரப்பூர்வமான மதிப்பீட்டிலேயே இடம்பெறுகின்றன என்பது குடும்பங்கள் அறிய வேண்டிய செய்தி.

கருவி இருந்தும் தவறியது

2019 நவம்பர் 29 அன்று லண்டன் பாலத்தின் அருகில் ஃபிஷ்மாங்கர்ஸ் ஹால் என்ற மண்டபத்தில், கைதிகளுக்குக் கல்வி அளிக்கும் ஒரு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் திட்டத்தின் நிகழ்ச்சி நடந்தது. அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் உஸ்மான் கான். பயங்கரவாதச் சதியில் 2012இல் தண்டிக்கப்பட்டு, 2018 டிசம்பரில் கண்காணிப்பு நிபந்தனைகளோடு விடுதலையானவர். அன்று அவர் கத்தியால் தாக்கியதில் ஜாக் மெரிட், சஸ்கியா ஜோன்ஸ் என்ற இரு இளைஞர்கள் உயிரிழந்தார்கள். இருவருமே கைதிகள் திருந்தி வாழ வேண்டும் என்பதற்காக உழைத்தவர்கள்.

கான் சிறையில் சீர்திருத்த வகுப்புகளுக்குப் போனார். கவிதை எழுதினார், நன்றாகப் பேசினார். ஆனால் விடுதலைக்கு முன் அவரை மதிப்பிட்ட சிறை உளவியலாளர், அபாயம் குறையவில்லை என்றே எச்சரித்திருந்தார். அவருடைய தண்டனையின் தன்மையால், பரோல் வாரியத்தின் பரிசீலனை இல்லாமலே பாதிக் காலம் முடிந்ததும் விடுதலை தானாகக் கிடைத்தது. 2021 மே மாதம் மரண விசாரணையின் ஜூரிகள் சொன்னவற்றைச் சுருக்கினால்: அவரை நிர்வகித்த துறைகளிடம் கடும் குறைபாடுகள் இருந்தன, பொறுப்பேற்பவர் யார் என்பதில் தெளிவில்லை, திருந்தியவர்களுக்கு முன்மாதிரி என்று அவரைப் பார்த்த பார்வை மற்றவர்களின் கண்ணை மறைத்தது, வெளியே வந்தபின் உளவியல் மதிப்பீடு செய்யப்படவில்லை.

ஆக, மதிப்பீடு செய்தார்கள். எச்சரிக்கையும் எழுதினார்கள். அது தேவைப்பட்ட இடத்தில் தேவைப்பட்ட நேரத்தில் கவனிக்கப்படவில்லை. திருந்தியதுபோல் நடிப்பதற்கும் உண்மையில் திருந்துவதற்கும் உள்ள வேறுபாடு ஒருமுறை பார்த்தால் தெரிவதில்லை, தொடர்ந்து பார்க்க வேண்டும்.

2020 பிப்ரவரி 2 அன்று ஸ்ட்ரெதம் பகுதியில் இதேபோல அண்மையில் விடுதலையான ஒருவர் தாக்குதல் நடத்தினார். அதே மாதத்தில், இத்தகைய கைதிகள் மூன்றில் இரண்டு பங்குத் தண்டனையை அனுபவித்தபின், பரோல் வாரியம் சம்மதித்தால்தான் விடுதலை என்று புதிய சட்டம் வந்தது. ஜாக் மெரிட்டின் குடும்பத்தாரோ, தங்கள் பிள்ளையின் மரணத்தைக் காட்டிக் கைதிகளை இன்னும் கடுமையாக நடத்தக்கூடாது என்று வேண்டினார்கள். அந்த நாளில் உயிரைப் பணயம் வைத்துக் கானைத் தடுத்தவர்களில் ஒருவர், கொலைக்குற்றத்துக்காகத் தண்டனை அனுபவித்துக்கொண்டு ஒருநாள் அனுமதியில் வந்திருந்த கைதி. திருந்தாதவரும் திருந்தியவரும் ஒரே மண்டபத்தில் இருந்தார்கள்.

கருவி இடம் மாறினால்

இதற்கு மறுபக்கமும் உண்டு. தண்டனை பெற்ற குற்றவாளிகளுக்காக உருவான இந்த 22 அம்சங்களே, எந்தக் குற்றமும் செய்யாதவர்கள் "வழிதவறக்கூடும்" என்று சந்தேகிக்கப்படும்போது அவர்களைப் பரிசீலிக்கும் பிரிட்டனின் சேனல் திட்டத்திலும் 2012இல் அளவுகோலாகச் சேர்க்கப்பட்டன. இதைப் பல கல்வியாளர்கள் கண்டித்தார்கள். இந்த அம்சங்களுக்குப் பின்னால் உள்ள ஆய்வு ஆதாரங்களை வெளிப்படையாக வைக்க வேண்டும் என்று பிரிட்டனின் அரச மனநல மருத்துவர் கல்லூரி 2016இல் கேட்டது.

கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. மாரடைப்பு வந்தவரைக் கவனிக்கும் பட்டியலைத் தெருவில் போகும் எல்லோர் மீதும் வைத்தால், பாதி ஊரையும் மருத்துவமனையில் படுக்கவைக்க வேண்டியதாகும். அநீதியைக் கண்டு கோபப்படும் பதினாறு வயதுப் பிள்ளையும், வேலை இழந்து ஒதுங்கியிருக்கும் இளைஞனும் முதல் பட்டியலில் நாலைந்து இடத்தில் பொருந்திவிடுவார்கள். ஆகவே இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் மீது இந்தப் பட்டியலைப் பொருத்திப் பார்க்க வேண்டாம். பயிற்சி பெற்றவர் கையிலேயே தவறக்கூடிய கருவி அது.

சிங்கப்பூரும் நம் நாடும்

2001 டிசம்பரில் ஜமாஆ இஸ்லாமியா அமைப்பைச் சேர்ந்தவர்கள் சிங்கப்பூரில் கைதானபின், அங்குள்ள ஆலிம்கள் 2003இல் தன்னார்வலர்களாக ஒன்றுகூடி மார்க்க மறுவாழ்வுக் குழுவை அமைத்தார்கள். கைதானவர்களோடு உட்கார்ந்து, ஜிஹாத் என்ற சொல்லுக்கு அவர்கள் கற்றுக்கொண்ட தவறான பொருளைக் கிதாபுகளின் துணையோடு விளக்கினார்கள். அதே வேளையில் வேறு சமூக அமைப்புகள் அந்தக் குடும்பங்களைக் கவனித்தன. பிள்ளைகளின் படிப்பு நிற்காமலும், மனைவிமார் வருமானமின்றித் தவிக்காமலும் பார்த்துக்கொண்டன. அங்கே அவர்கள் விசாரணையின்றித் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டவர்கள் என்பதையும், அந்தச் சட்டத்தின் மீது விமர்சனம் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தந்தை சிறையில் இருக்கும்போது பிள்ளை கைவிடப்பட்டால், அடுத்த தலைமுறையின் கோபத்துக்கு நாமே விதை போட்டதாகும் என்பதை அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டார்கள்.

நம் நாட்டிலும் இதே கேள்வி, வேறு சொற்களில், சட்டத்தில் இருக்கிறது. ஆயுள் கைதிகளின் முன்விடுதலை குறித்து உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டின் லட்சுமண் நஸ்கர் வழக்கில் ஐந்து அம்சங்களைக் குறிப்பிட்டது: குற்றம் சமூகத்தைப் பெருமளவில் பாதித்ததா, மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பு உண்டா, குற்றம் செய்யும் திறன் அவரிடம் அற்றுப்போய்விட்டதா, இன்னும் சிறையில் வைப்பதால் பயன் உண்டா, குடும்பத்தின் சமூக, பொருளாதார நிலை என்ன. இவற்றுக்கு விடை காண நன்னடத்தை அலுவலரும் காவல்துறையும் அறிக்கை தருகிறார்கள். அலுவலர் வீட்டுக்கு வந்து கேட்கும்போது குடும்பத்தார் சொல்லும் பதில் அந்த அறிக்கையில் இடம்பெறும்.

குடும்பங்கள் செய்யக்கூடியவை

அலுவலர் வந்தால் பயந்து ஒளியவும் வேண்டாம், மிகைப்படுத்திப் புகழவும் வேண்டாம். எங்கே தங்குவார், என்ன வேலை பார்ப்பார், யார் பொறுப்பேற்பார் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். "திருந்திவிட்டார்" என்ற ஒரு சொல்லைவிட, "என் தம்பியின் கடையில் வேலை தயாராக இருக்கிறது" என்ற வாக்கியத்துக்கு எடை அதிகம்.

நிபந்தனைகள் இருந்தால் அவற்றை விளையாட்டாக எடுக்க வேண்டாம். கையெழுத்திட வேண்டிய நாளில் நிலையத்துக்குப் போக நினைவூட்டுவது குடும்பத்தின் கடமை.

வெளியே வந்தவரை மேடையேற்றி வீரராக்குவதும் தவறு, மஹல்லாவில் ஸலாம் சொல்லக்கூட ஆளில்லாமல் ஒதுக்குவதும் தவறு. முதலாவது அவருடைய பழைய பெருமையைத் தூண்டும். இரண்டாவது, பழைய சகவாசமே கதி என்று அவரைத் தள்ளும். எல்லோரையும் போல வேலைக்குப் போய், ஜமாஅத்தோடு தொழுது, பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுவிடும் சாதாரண வாழ்க்கை அவருக்குக் கிடைக்க வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியது வெளித்தோற்றத்தை அல்ல, மாற்றத்தை. பழைய தொடர்புகள் இரகசியமாகத் துளிர்ப்பது, பிற மக்களை மனிதராகவே மதிக்காத பேச்சு திரும்புவது, வன்முறையை நியாயப்படுத்துவது, வேலையையும் குடும்பத்தையும் திடீரென உதறுவது ஆகியவை கண்டால் மூடி மறைக்காதீர்கள். ஆரம்பத்திலேயே மதிப்புக்குரிய ஆலிம் ஒருவரையும் வழக்கறிஞரையும் நன்னடத்தை அலுவலரையும் அணுகுங்கள். பிறர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது. அந்த உயிரையும் உங்கள் பிள்ளையின் ஆகிரத்தையும் காப்பாற்றுவதாகும்.

தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது என்பது நம் ஈமான். உயிர்களைக் காப்பது நம் கடமை என்பதும் அதே ஈமான்தான். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. விடுதலையாகி வருபவரின் பெயரைக் கேட்டதும் தீர்ப்பு எழுதாமல், அவருக்கு வேலையும் துணையும் இருக்கிறதா என்று கேட்பதிலிருந்து நம் மஹல்லாவின் பங்கு தொடங்குகிறது. குடும்பத் தலைவர் சிறையில் இருப்பதால் படிப்பு நின்றுபோகும் நிலையில் உள்ள பிள்ளைகள் உங்கள் தெருவில் இருந்தால், அறக்கட்டளை அலுவலகத்தில் தெரிவியுங்கள். பெயர் வெளியே வராது. பள்ளிக் கட்டணத்துக்கு இயன்றதைச் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்